அகதி முகாமிலிருந்து உலகுக்குச் சென்ற மருந்து

குழந்தைகளின் வயிற்றோட்டமும் மருத்துவ ஆய்வு கண்ட உண்மைகளும்

மாரி மழை தொடங்கியதும் வன்னியில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடைபெறும். குளங்கள் நிறையும், குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வரும். கட்டில்லாத கிணறுகளுக்குள் வெள்ளம் புகும். மலசலகூடக் குழிகள் நிரம்பி வழியும். ஊரிலுள்ள அழுக்கெல்லாம் குடிநீரில் வந்து சேரும். கோடையிலோ வேறு விதம். கிணறுகள் அடிமட்டத்துக்கு வற்றிவிட, நான்கு குடும்பங்கள் அள்ளிய கிணற்றில் நாற்பது குடும்பங்கள் அள்ள வேண்டிவரும். எவ்விதமாயினும் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டுப் பின்னர் வன்னிக்கு வந்தவர்களும், 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எனச் சென்றவர்களும், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள். தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கு வரிசை. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. பலர் மீளக் குடியமர்ந்துவிட்டனர். சிலர் இன்றும் தமது சொந்தக் காணியை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கின்றனர். ஆனால் வயிற்றோட்டம் இரு சாராரையும் விட்டுவைக்கவில்லை.

குழந்தை மருத்துவத்தில் புதிய கண்டுபிடிப்புகள் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கின்றோம். பிறந்த சில நாட்களிலேயே இருதய சத்திரசிகிச்சை, குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் இயந்திரங்கள் என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. “இவையெல்லாம் கொழும்புக்கும் லண்டனுக்கும் உரியவை, வரம்பு கட்டி வாழும் எமக்கென்ன?” என்று கேட்கத் தோன்றும். ஆயின், கடந்த ஐம்பது ஆண்டுகளில் மிக அதிகமான குழந்தைகளைக் காப்பாற்றிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று எந்த இயந்திரமும் அன்று. கடையில் வாங்கும் ஜீவனிப் பக்கற்றுக்குள் இருக்கும் உப்பும் குளுக்கோசுமே அது. அதன் வலிமை உலகறிய நிரூபிக்கப்பட்ட இடமும் ஒரு பெரிய வைத்தியசாலை அன்று. எம்மைப் போல் வீடு வாசலை விட்டு ஓடி வந்த மக்கள் தங்கியிருந்த இடமே அது. அந்த வரலாற்றையும், அதன் பின் வந்த ஆய்வுகள் எமக்குச் சொல்வதையும் இங்கு பார்ப்போம்.

வயிற்றோட்டம் எவ்வாறு கொல்கின்றது?

பிறந்த குழந்தையின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராகும். வயிற்றோட்டத்தின்போது வெளியேறுவது இந்த நீரும் அதிற் கரைந்துள்ள உப்புகளுமே. பெரும்பாலான வேளைகளில் குழந்தையைக் கொல்வது கிருமி அன்று, இந்த இழப்புத்தான். உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு நீராய்ப் போய்விட்டால் குழந்தை மிகுந்த ஆபத்தில் உள்ளது என்று பொருள். 6 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தைக்கு அது 600 மில்லிலீற்றர் மட்டுமே. ஒரு பெரிய சோடாப் போத்தலின் அளவும் வராது. காலையில் சிரித்து விளையாடிய பிள்ளை மாலையில் கண் குழிந்து துவண்டு போவது இதனாலேயே.

இதனை அறியாமையால் எம்மிடையே ஒரு பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. “தண்ணி குடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு பிள்ளை” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். “பல்லு முளைக்கிற போக்கு, தானாய் நிற்கும்” என்று வேறு சிலர் ஆறுதல் கூறுவார்கள். பேரப்பிள்ளை மீது அவர்களுக்குள்ள அன்பை எவரும் ஐயுற முடியாது. ஆனால் வாய்க்கால் உடைந்து வயல் வற்றும்போது குளத்துத் துருசையும் அடைத்துவிட்டால் பயிர் என்னாகும்? போகின்ற நீரை உடனடியாக நிறுத்த முடியாது. போகின்ற அளவுக்கு உள்ளே விட முடியும். அதுவே சிகிச்சை.

உப்புக்குத் துணை சீனி

நாளத்தில் ஊசி ஏற்றி உப்பு நீர் செலுத்தும் முறை, அதாவது நாம் ‘சேலைன் ஏற்றுதல்’ என்று சொல்வது, பழையது. 1832 இல் ஸ்கொத்லாந்தில் தோமஸ் லற்றா என்ற வைத்தியர் வாந்திபேதி நோயாளருக்கு அதனைச் செய்து பார்த்தார். ஆனால் அதற்குச் சுத்தமான திரவம் வேண்டும், ஊசி வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடத்தில்தான் வாந்திபேதி அதிகம்.

அப்படியானால் வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? வெறும் நீரோ வெறும் உப்பு நீரோ போதிய அளவு உடலிற் சேரவில்லை. குடித்ததும் வெளியே போயிற்று. இதற்கான விளக்கம் 1960 இல் கிடைத்தது. றொபேட் கிறேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சிறுகுடலின் சுவரில் உப்பின் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே செல்லும் ஒரு வழி உண்டு என்று எடுத்துரைத்தார். ஒன்றுக்கு மற்றது துணை. இரண்டும் சேர்ந்து உள்ளே போகும்போது நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே பாயச் செய்கின்றது. ஆயினும் இந்த வழியை அது கெடுப்பதில்லை. ஒரு பக்கம் கட்டு உடைந்து வெள்ளம் பாய்ந்தாலும் மறுபக்கத்துத் துருசு நன்றாகவே வேலை செய்கின்றது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இந்த அறிவை நோயாளருக்குப் பயன்படுத்தியவர்கள் டாக்காவிலும் கல்கத்தாவிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள். 1968 இல் டாக்காவின் கொலரா ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் நாலின், றிச்சட் காஷ் என்ற இரு இளம் வைத்தியர்களும் அவர்களது சக பணியாளர்களும், உப்பும் குளுக்கோசும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் சேலைன் தேவை ஏறத்தாழ 80 வீதத்தால் குறைகின்றது எனக் காட்டினர். எனினும் மருத்துவ உலகம் தயங்கியது. வைத்தியர்கள் அருகில் நின்று அளந்து கொடுத்தபடியால்தான் இது பலித்தது, பாமர மக்களிடம் கொடுத்தால் விபரீதமாகும் என்பதே பலரின் எண்ணமாக இருந்தது.

1971: பொங்காவ்

இந்த எண்ணத்தை உடைத்தது ஒரு யுத்தம். 1971 இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரினால் ஏறத்தாழ 1 கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். மழைக்காலம். முகாம்களில் வாந்திபேதி பரவியது. எல்லையோரப் பட்டினமான பொங்காவ் வைத்தியசாலைக்கு, கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த குழந்தை வைத்தியர் திலீப் மகலனாபிஸ் ஜூன் மாதம் அனுப்பப்பட்டார். வாந்திபேதி நோயாளருக்கென அங்கிருந்தவை இரண்டு அறைகளும் 16 கட்டில்களும். நோயாளர் தரையெங்கும் கிடந்தனர். வாந்தியும் மலமும் நிறைந்த அந்தத் தரையில் முழந்தாளிட்டே ஊசி ஏற்ற வேண்டியிருந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சேலைன் போத்தல்கள் விரைவாக முடிந்துகொண்டிருந்தன. அதனை ஏற்றத் தெரிந்த பணியாளர் இருவரே இருந்தனர்.

மகலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் இருந்த தமது ஆய்வு நிலையத்தில் 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவில் நிறுத்துப் பிளாஸ்ரிக் பைகளில் இடச் செய்தார். சூடேற்றிய அயன்பெட்டியால் அப்பைகளின் வாய் ஒட்டப்பட்டது. ஒரு லீற்றர் நீருக்கான இக்கலவைக்கு அன்று ஏற்பட்ட செலவு அமெரிக்க நாணயத்தில் 11 சதம். முகாமில் அதனைப் பெரிய பீப்பாய்களில் நீரோடு கலந்து வைத்தார்கள். அதற்கு ‘வாயால் குடிக்கும் சேலைன்’ என்று பெயரிட்டார்கள். சேலைன் என்ற சொல்லில் மக்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கை இருந்தது.

இனி முக்கியமான விடயம். இந்த நீரைப் பருக்கியவர்கள் யார்? தாதிமார் அல்லர். நோயாளரின் தாய், தந்தை, சகோதரர், அயலவர். வீடிழந்து வந்த அந்த ஏழைக் கமக்காரக் குடும்பங்கள் குவளையில் அள்ளி அள்ளித் தம்மவருக்குப் பருக்கினார்கள். முன்னர் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் மகலனாபிஸின் பராமரிப்பில் இருந்த நோயாளரில் இறப்பு 3.6 வீதமாகக் குறைந்தது. பாமர மக்களின் கையில் கொடுத்தால் விபரீதமாகும் என்ற வாதத்துக்கு அந்த மக்களே விடையளித்துவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா அம்முகாமை நேரிற் பார்த்து, இம்முறையை உலகெங்கும் கொண்டுசெல்ல உழைத்தார். 1978 இல் அந்நிறுவனம் வயிற்றோட்டக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் ‘லான்செற்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏடு, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கக்கூடும் என எழுதியது. மகலனாபிஸ் தமது 87 ஆவது வயதில் 2022 ஒக்டோபர் 16 அன்று கல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எமது முன்னோர் வாக்கு. எமது பிள்ளைகளுக்கு உப்பிட்டவர்களுள் இவரும் ஒருவர்.

வீட்டு வாசலுக்குச் சென்ற அறிவு

யுத்தம் முடிந்து வங்காளதேசம் பிறந்த பின்னர், பக்கற் கிடைக்காத கிராமங்களில் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பிறாக் என்ற அந்நாட்டுக் கிராம அபிவிருத்தி நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் வீடுகளில் தாய்மாருக்கு இதனைக் கற்பித்தது. மூன்று விரல்களால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அளந்த நீர். வீட்டிலுள்ள பாத்திரத்தில் தாயே கலந்து காட்ட வேண்டும். பின்னர் வேறொருவர் வந்து, அந்தத் தாய் எவ்வளவை நினைவில் வைத்திருக்கின்றார் எனப் பரிசோதிப்பார். கற்பித்த பெண்ணுக்கான கொடுப்பனவு அதற்கேற்பவே அமைந்தது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதைப் பார்த்தல்ல, எத்தனை தாய்மார் அறிந்துகொண்டார்கள் என்பதைப் பார்த்தே கூலி. கிராமங்களில் வேலை செய்வோர் யாவரும் சிந்திக்க வேண்டிய ஒழுங்கு இது.

1980களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இன்று அத்தொகை ஏறத்தாழ நாலரை இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நல்ல நீர், தடுப்பூசி, போசாக்கு ஆகிய யாவும் இதற்குக் காரணமாயின. ஆயினும் இந்த உப்புக் கரைசலின் பங்கு பெரியது. அதேவேளை நாலரை இலட்சம் என்பதும் சிறிய தொகை அன்று. தடுக்கக்கூடிய மரணங்கள் அவை.

அண்மைக்கால ஆய்வுகள் சொல்வன

முதலாவது, கரைசலின் அளவு. பழைய கலவையில் உப்பும் குளுக்கோசும் சற்று அதிகம். குடலுக்குள் கரைசல் மிகவும் செறிவாக இருந்தால் அது உடலிலுள்ள நீரையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே 2002 இல் செறிவு குறைந்த புதிய கலவை பரிந்துரைக்கப்பட்டது. ஒரு லீற்றர் நீருக்கு 2.6 கிராம் கறியுப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, இவற்றோடு பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சிற்றேற்று உப்பு 2.9 கிராம். இதனால் மலத்தின் அளவு ஏறத்தாழ 20 வீதமும், வாந்தி 30 வீதமும், சேலைன் ஏற்றும் தேவை 33 வீதமும் குறைந்தன. இனிப்புச் சோடாவையும் மிகுந்த சீனி போட்ட பானங்களையும் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அவை நீரைக் கொடுப்பதற்குப் பதிலாக நீரை இழுக்கின்றன.

இரண்டாவது, நாகச் சத்து. வைத்தியர்கள் இதனை ‘சிங்க்’ என்பார்கள். இது குடற்சுவர் மீள வளரவும் நோயெதிர்ப்புச் சக்திக்கும் இன்றியமையாதது. வயிற்றோட்டத்தோடு இது வெளியேறிவிடுகின்றது. 1995 இல் புதுடில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வொன்று, நாகச் சத்துக் கொடுத்த பிள்ளைகள் விரைவாகக் குணமடைவதைக் காட்டியது. வேறு பல ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தவே, 2004 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் வயிற்றோட்டமுள்ள பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாட்கள் வரை இதனைக் கொடுக்குமாறு கூட்டாக அறிவித்தன. அப்போது கூறப்பட்ட அளவு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்டோருக்கு 10 மில்லிகிராம். 2020 இல் இந்தியாவிலும் தன்சானியாவிலும் 4,500 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இதனிலும் குறைந்த அளவே போதுமானது, வாந்தியும் குறைவு எனக் கண்டது. ஆகவே அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியது, வயிற்றோட்டம் நின்றதும் மருந்தை எறிந்துவிடாமல் சொன்ன நாள் வரை கொடுப்பதாகும். அடுத்துவரும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் திரும்ப வருவதை அது குறைக்கின்றது.

மூன்றாவது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அன்ரிபயோட்டிக் எனப்படும் இம்மருந்து எழுதித் தராவிட்டால் “இந்த வைத்தியர் ஒன்றும் தரவில்லை” என்று குறைப்படும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. வங்காளதேசம், இந்தியா, பாகிஸ்தான் மற்றும் நான்கு ஆபிரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், நீராக வயிற்றோட்டம் போய் உடல் வற்றிய நிலையில் அல்லது போசாக்குக் குறைந்த நிலையில் இருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். வழமையான சிகிச்சையோடு அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்ததால் உயிர் காப்பதில் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. மலத்தில் இரத்தம் போனாலோ வாந்திபேதி எனச் சந்தேகித்தாலோ வைத்தியர் அத்தகைய மருந்தைத் தருவார். மற்றும்படி அதனைக் கேட்டு வாங்குவது வீண். அது கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கி வைக்கும்.

நான்காவது, தடுப்பூசி. 1973 இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும், வயிற்றோட்டத்தால் வருந்திய பிள்ளைகளின் குடலில் ஒரு வைரசைக் கண்டனர். உருப்பெருக்கியில் அது வண்டிச் சில்லுப் போலத் தோன்றியது. இலத்தீன் மொழியில் ‘ரோட்டா’ என்றால் சில்லு. ஆகவே அது ரோட்டா வைரசு எனப்பட்டது. சிறு குழந்தைகளின் கடுமையான வயிற்றோட்டத்துக்கு உலகெங்கும் முதன்மையான காரணம் அதுவே. 1980களில் டில்லியில், இந்த வைரசு தொற்றியும் நோயுறாத பச்சிளங் குழந்தைகள் இனங்காணப்பட்டனர். அவர்களிடமிருந்து பெற்ற வைரசையே கொண்டு ‘ரோட்டாவக்’ என்ற தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. டில்லி, பூனே ஆகிய இடங்களோடு தமிழ்நாட்டின் வேலூரிலும் அது பரீட்சிக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் இப்பணியில் முன்னின்றவர். 2016 முதல் இந்தியாவின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. ஊசியால் அன்று, சொட்டு மருந்தாகவே கொடுக்கப்படுகின்றது. கடுமையான ரோட்டா வயிற்றோட்டத்தை முதலாண்டில் ஏறத்தாழ பாதியாக அது குறைத்தது. எமது பிள்ளைக்கு இது கிடைக்குமா என்பதைக் கிளினிக்கில் குடும்பநல மருத்துவமாதிடம் கேட்டறியுங்கள்.

ஐந்தாவது, உணவு. அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளை மெலிகின்றது. மெலிந்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் எளிதில் வருகின்றது. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் சரியாக வளராமையும் இதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். டாக்காவின் மிர்ப்பூர் சேரியில் 12 முதல் 18 மாதம் வரையான, போசாக்குக் குறைந்த 123 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2021 இல் வெளியானது. கடலை மா, சோயா மா, கச்சான் மா, வாழைக்காய் ஆகியவற்றைக் கொண்டு செய்த உணவு, வழமையான நிவாரணப் போசாக்கு உணவைவிடக் குறைந்த சக்தியைக் கொண்டிருந்தும் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு அதிகம் உதவியது. இது அளந்து செய்யப்பட்ட ஆய்வு உணவு. அதனை அப்படியே வீட்டில் செய்துவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். கச்சானும் வாழையும் எமது தோட்டத்துப் பயிர்கள் அல்லவா? விளைவதையெல்லாம் சந்தைக்கு ஏற்றிவிட்டுப் பிள்ளைக்கு விசுக்கோத்து வாங்கும் வீடுகள் இதனைச் சிந்திக்க வேண்டும். கச்சானையும் கடலையையும் சிறு பிள்ளைகளுக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும். மாவாக்கியோ நன்கு மசித்தோ கொடுங்கள்.

எமது கஞ்சியையும் இங்கு குறிப்பிட வேண்டும். குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைப் பயன்படுத்திச் செய்த கரைசலையும் ஆய்வாளர்கள் பரீட்சித்துள்ளனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 1992 இல் வெளியிடப்பட்ட கட்டுரை, வாந்திபேதி நோயாளருக்கு அது மலத்தின் அளவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது எனக் கூறியது. அரிசியின் மாச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக மாறுவதே காரணம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி எமது பாட்டிமாரின் கைமருந்து. விஞ்ஞானம் அதற்குத் துணை நிற்கின்றது.

மருந்து உண்டு, ஏன் கிடைப்பதில்லை?

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உலகில் வயிற்றோட்டமுள்ள பிள்ளைகளில் பாதிப்பேருக்குக்கூட இக்கரைசல் கிடைப்பதில்லை. விலை அதிகமோ? இல்லை. இதற்கு விடை தேட இந்தியாவின் கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2024 இல் அதன் முடிவு வெளியானது. பக்கற் கையிருப்பில் இல்லாமை ஒரு சிறு காரணமே. வேறு மருந்து விற்றால் இலாபம் என்பதும் சிறு காரணமே. பெருங்காரணம், ‘தாய் தகப்பன் இதனை விரும்பமாட்டார்கள், ஊசியும் வில்லையுந்தான் எதிர்பார்க்கிறார்கள்’ என்று சிகிச்சையாளர் தாமாகவே எண்ணிக்கொண்டதாகும். ஆனால் தந்தை ஒருவர் தாமே முன்வந்து கரைசல் மருந்து வேண்டும் என்று கேட்டபோது, அதனை எழுதிக் கொடுத்தோர் தொகை கணிசமாக உயர்ந்தது.

இது எம்மைப் பற்றிய ஆய்வு போலவே இருக்கின்றது. சேலைன் ஏற்றினால்தான் நல்ல வைத்தியம், வெறும் ஜீவனி தந்து அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய மக்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஏழைக்கு மலிவானதைத்தான் தருவார்கள் என்ற கசப்பு அதிலுண்டு. ஆனால் இது ஏழைக்கென ஒதுக்கிய இரண்டாந்தர மருந்து அன்று. உடல் மிகவும் வற்றிப்போகாத, குடிக்கக்கூடிய குழந்தைக்கு எந்த நாட்டு வைத்தியரும் முதலிற் கொடுக்க வேண்டியது இதுவே.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. நீராகப் போகத் தொடங்கியதுமே குடிக்கக் கொடுக்கத் தொடங்குங்கள். வைத்தியசாலைக்குப் போகும் வரை காத்திராதீர்கள். வழியிலும் பருக்குங்கள்.

2. ஜீவனிப் பக்கற்றில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதிப் பக்கற், கண்மட்ட நீர் என்று செய்ய வேண்டாம். கொதித்தாறிய நீரையே பயன்படுத்துங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

3. பக்கற் இல்லாதபோது, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் தேக்கரண்டியால் மட்டமாக 6 கரண்டி சீனியும் மட்டமாக அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

4. ஒவ்வொரு முறை போன பின்னரும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் கொடுங்கள். கரண்டியால் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள்.

5. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வழமையிலும் கூடுதலாகக் கொடுங்கள். வளர்ந்த பிள்ளைக்குக் கஞ்சி, குழைந்த சோறு, வாழைப்பழம் என உணவும் கொடுங்கள். பட்டினி போடுவது மருந்தன்று.

6. கண் குழிதல், சோர்ந்து தூங்கிக்கொண்டேயிருத்தல், குடிக்க முடியாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே திரும்புதல், சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, கடுங் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்நிலையில் சேலைன் தேவைப்படலாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின் எவ்வடையாளத்துக்கும் காத்திராதீர்கள்.

7. நோயே வராமற் காப்பது சிறந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். போத்தலும் சூப்பியும் வேண்டாம். மலசலகூடத்துக்குச் சென்று வந்த பின்னரும், பிள்ளையைக் கழுவிய பின்னரும், உணவைத் தொடும் முன்னரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கை கழுவுதலை ஊக்குவித்த இடங்களில் வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறு பிள்ளையின் மலம் தீங்கற்றது என்று வளவுக்குள் எறியாதீர்கள். கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது தனியொரு வீட்டின் வேலையன்று. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் மாரிக்கு முன்னரே கூடிச் செய்யட்டும்.

அன்பான பெற்றோரே, இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி உலகம் பேசும்போது உதவி பெறுபவர்கள் என்றே பேசுகின்றது. ஆனால் பொங்காவில் குவளையோடு தம் பிள்ளைகளின் அருகில் இருந்த தாய்மார் உலகுக்கு உதவி செய்தவர்கள். மருந்தைக் கண்டறிந்தவர்கள் விஞ்ஞானிகள்; அதனை வீட்டு மனிதரின் கையில் நம்பி ஒப்படைக்கலாம் என்று காட்டியவர்கள் அகதிகள். அந்த நம்பிக்கைக்கு நாமும் உரியவர்களாவோம். அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஜீவனிப் பக்கற்றுகளும், ஒரு லீற்றர் அளவு தெரிந்த ஒரு போத்தலும் இருக்கட்டும். கரைக்கும் முறையைத் தாய் மட்டுமன்றித் தகப்பனும், பாட்டியும், வீட்டிலுள்ள மூத்த பிள்ளையும் அறிந்திருக்கட்டும். வைத்தியரிடம் போனால் “ஐயா, ஜீவனியும் சிங்க்கும் தாருங்கள்” என்று நாமே கேட்போம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதையும் இன்று ஆய்வே சொல்லிவிட்டது.